பிய்த்துவிட்டு ஒட்டுகிறவள்

அவளுக்கும் எனக்கும் பதினோரு வருஷமாகச் சண்டை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஸ்டிக்கர்.

நான் இரண்டாவது மாடியில் வார்டு சிஸ்டர். அவள் ஈ.சி.ஜி. எடுப்பவள். நோயாளியின் மார்பில் மானிட்டருக்காக ஐந்து ஸ்டிக்கர் ஒட்டி, வயர் மாட்டி, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நான் திரும்பும்போதுதான் அவள் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வருவாள். அவளுடைய இடத்தில் வேறு யாராவது இருந்தால் என்னுடைய ஐந்துக்கும் நடுவே சந்து பார்த்துத் தங்களுடையதை ஒட்டி, இரண்டு நிமிடத்தில் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போய்விடுவார்கள். இவள் முதலில் என் ஐந்தையும் பிய்ப்பாள். பிறகு பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து மார்பைத் துடைப்பாள். அது காயவேண்டும். காய்ந்ததும் தன்னுடைய பத்தையும் ஒட்டிவிட்டு, "அஞ்சு நிமிஷம் பேசாம படுத்திருங்க, மூச்சு அடங்கட்டும்" என்று நோயாளியிடம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். இத்தனை நேரமும் என் மானிட்டர் தொடர்பு அறுந்துவிட்டது என்று கத்திக்கொண்டே இருக்கும். அவள் போன பிறகு புதிதாக ஐந்து ஸ்டிக்கர் எடுத்து மறுபடி ஒட்டவேண்டியது யார்? நான்தான்.

"எதுக்கும்மா என் ஸ்டிக்கர் மேல உனக்கு இவ்வளவு கோபம்" என்று கேட்டிருக்கிறேன்.

"கோபமெல்லாம் இல்ல சிஸ்டர். பக்கத்துல இன்னொரு வயர் இருந்தா கோடு நடுங்குது. நடுங்குற கோட்டை எப்படிப் படிக்கிறது?"

அவளுக்கு ஸ்டிக்கர் என்று பெயர் வைத்தது நான்தான். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், ஒரு மாதத்தில் முகத்துக்கு நேராகவே எல்லோரும் கூப்பிடும் பெயராகிவிட்டது. அவளும் மறுப்பு சொல்லவில்லை.

அவள் இந்த வேலைக்குப் படித்து வந்தவள் இல்லை. ஆவண அறையில் பழைய காகிதங்களை அடுக்க வந்தவள். கட்டுக்கட்டாக வந்து விழும் ஈ.சி.ஜி. காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கச் சொன்னார்கள். இவள் தேதியோடு நிற்காமல், ஒரே மாதிரி கோடு உள்ளவற்றைப் பொழுதுபோகாமல் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறாள். டாக்டர் எழுதிய குறிப்பையும் கோட்டையும் சேர்த்துப் பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் யாரோ மாற்றி எழுதிய குறிப்பைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து காட்டினாள். அப்புறம்தான் அவளை முறையாகப் பயிற்சிக்கு அனுப்பி, மெஷினைக் கையில் கொடுத்தார்கள். ஈ.சி.ஜி. காகிதத்தின் கட்டங்களை அளக்க மகளின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து டிவைடரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மகள் கணக்குப் பரீட்சை அன்று அது இல்லாமல் போய் நின்று அழுதிருக்கிறாள். டெலிவரி வேன் ஓட்டும் அவள் கணவர் ஆஸ்பத்திரிக்கே வந்து, "எந்த அம்மாவாவது பொண்ணோட டிவைடரைத் திருடுவாளா சிஸ்டர், நீங்களே கேளுங்க" என்று என்னிடம் பஞ்சாயத்து வைத்தார். நான் உடனே அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். அவளுக்கு எதிராக என்றால் எந்தப் பக்கமும் எனக்குச் சம்மதம்தான்.

இவ்வளவு கெட்டிக்காரி ஒரு முறை பலமாகச் சறுக்கினாள். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பேஸ்மேக்கர் வைத்தவர்களின் ஈ.சி.ஜி. மற்றவர்களுடையது போல இருக்காது. காலர் எலும்புக்குக் கீழே தோலுக்குள் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி, இதயத்தைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் காகிதத்தில் ஊசி போல ஒரு மெல்லிய கோடு விழும். ஊசியும் அதன் பின்னால் அகலமாக ஓர் அலையும் வந்தால், பெட்டி தட்டுகிறது, இதயம் கேட்கிறது என்று அர்த்தம். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு பெரியவருக்கு எடுத்த காகிதத்தில் ஊசிக்கோடே இல்லை. "பேஸ்மேக்கர் வேலை செய்யவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அவரை அவசரமாக நாலு மணி நேரப் பயணத்தில் பெரிய நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்தால் பெட்டி பிரமாதமாக வேலை செய்கிறது. எங்கள் மெஷினில் நடுக்கத்தைக் குறைக்கும் வடிகட்டியை யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள். அது நடுக்கத்தோடு ஊசியையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. இவள் அந்தப் பொத்தானைப் பார்க்கவில்லை.

பெரியவருக்கு அலைச்சலைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதய டாக்டர் வார்டு நடுவில் வைத்து, "உன் வேலை எடுக்கிறது. படிக்கிறது என் வேலை" என்று சொன்னார். நானும் நின்று கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான். அன்றிலிருந்து அவள் வாயை மூடிக்கொண்டாள். காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எண்ணோ சின்னக் குறிப்போ எழுதுவதோடு சரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். எல்லோருக்கும் அது வசதியாகவே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் லிஃப்ட்காரர் வந்து சேர்ந்தார்.

ஐம்பத்திரண்டு வயது. இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு கம்பிக்கு நடுவே வேலை செய்கிற மனிதர். துடிப்பு மெதுவாகிப்போய் நாலு வருஷம் முன்பு பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதற்கப்புறமும் வேலையை விடவில்லை. இப்போது வந்தது குடலிறக்க ஆபரேஷனுக்கு. காலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மதியம் என் வார்டுக்கு வந்தார். நான் ஐந்து ஸ்டிக்கர் ஒட்டி மானிட்டரில் மாட்டினேன்.

பத்து நிமிடத்தில் துடிப்பு நூற்றிருபது. அகலமான அலைகள். ஊசிக்கோடு எங்கேயும் காணோம். மனிதரோ தலையணையைச் சாய்த்துக்கொண்டு மனைவியிடம் காபி எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

டியூட்டி டாக்டர் ஓடி வந்தார், மருந்து ஏற்றினார். துடிப்பு இறங்கவில்லை. ஸ்டிக்கரைக் கூப்பிட்டார்கள். அவள் வழக்கம்போல என்னுடையதைப் பிய்த்து, துடைத்து, காத்திருந்து எடுத்தாள். காகிதத்தில் துடிப்பு அறுபது. ஊசிக்கோடுகள் அழகாக வரிசையில். அவள் போனாள், நான் மறுபடி மாட்டினேன், மறுபடி நூற்றிருபது. சாயங்காலமும் அதே கதை. மறுநாள் காலையும் அதே கதை.

"நீ வந்தாலே அந்த வியாதி ஓடி ஒளிஞ்சுக்குது போல" என்றேன் நான். அவள் சிரிக்கவில்லை.

இதய டாக்டர் மானிட்டர் பதிவுகளைப் பார்த்துவிட்டு லிஃப்ட்காரரின் கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். இதயத்தின் கீழறையிலிருந்து ஆபத்தான வேகத் துடிப்பு விட்டு விட்டு வருகிறது, மருந்துக்கு மசியவில்லை, இன்று மதியம் மூன்று மணிக்கு ஆம்புலன்ஸில் பெரிய நகரத்துக்கு அனுப்புகிறோம், இந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, ஆபத்தான நேரத்தில் ஷாக் கொடுக்கும் பெரிய பெட்டி வைப்பார்கள் என்றார்.

லிஃப்ட்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அதை வெச்சுக்கிட்டு லிஃப்ட் ஷாஃப்ட்ல இறங்கலாமா டாக்டர்?"

"முடியாது. உயரத்துல நிக்கும்போது ஷாக் அடிச்சா என்ன ஆகும்? வேற ஏதாவது வேலை பாருங்க."

"வேற வேலைன்னா எனக்கு எது தெரியும்?" என்றார் அவர், டாக்டரைப் பார்த்து அல்ல, மனைவியைப் பார்த்து. அந்த அம்மா, "மொதல்ல நீங்க இருங்க. வேலை கெடக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட்காரர் தன் கூட்டாளிக்கு போன் செய்து, "இனிமே வேற ஆளைப் பாத்துக்கப்பா" என்று சொல்வது என் காதில் விழுந்தது. இருபத்திரண்டு வருஷத்தை ஒரு நிமிடத்தில் பேசி முடித்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை, மருந்து அலமாரியைத் திறந்து எதையோ தேடுவதுபோல நின்றேன்.

பன்னிரண்டரை மணி இருக்கும். ஸ்டிக்கர் என் மேஜையில், என்னைக் கேட்காமலே, மானிட்டர் பதிவுத்தாள்களைப் பரப்பி டிவைடரால் அளந்துகொண்டிருந்தாள்.

"சிஸ்டர், ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பன்னெண்டரை சின்னக் கட்டம். நேத்து மதியம் பன்னெண்டரை. சாயங்காலம் பன்னெண்டரை. இன்னிக்கும் பன்னெண்டரை. அரைக்கால் கட்டம்கூட மாறல."

"அதனால என்ன?"

"நோய் இவ்வளவு ஒழுங்கா இருக்குமா? நூத்திப்பதினேழு, நூத்திருபத்திமூணுன்னு எப்பவாவது மாறாதா? சொல்லி வெச்ச மாதிரி நூத்திருபதுலயே நிக்குது. இது யாரோ போட்டுவெச்ச அளவு."

"உனக்கு வேலை இல்லன்னா எனக்கு இருக்கு" என்றேன். அவள் நகரவில்லை.

"ஒரு தடவை உங்க ஸ்டிக்கரைக் கழட்டி மாட்டுங்க சிஸ்டர். நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் என் ஸ்டிக்கரை ஒட்டச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அதிசயத்துக்காகவே எழுந்து போனேன். வயர்களைக் கழற்றினோம். அவள் லிஃப்ட்காரரின் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினாள். நூற்றிருபது மெல்ல மெல்ல இறங்கி மூன்றாவது நிமிடத்தில் அறுபது. நான் மாட்டினேன். அறுபத்தெட்டு, எண்பது, நூறு. நூற்றிருபதில் போய் நின்றுகொண்டது. கழற்றினோம், இறங்கியது. மாட்டினோம், ஏறியது. லிஃப்ட்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "ஆபரேஷன் தியேட்டர்ல பழைய மானிட்டர், அங்க ஒண்ணும் இல்ல. என் மெஷின்ல ஒண்ணும் இல்ல. இந்தப் புது மானிட்டர்ல மட்டும்தான் வருது. புதுசுல கூடுதலா என்ன இருக்கு?"

எனக்குத் தெரியும். இரண்டரை வருஷம் முன்பு அவை வந்தபோது வார்டுக்கே காட்டியது நான்தான். "மூச்சையும் எண்ணும்" என்றேன். அதே ஸ்டிக்கர்கள் வழியாக மார்புக்குள் துளி மின்சாரம் அனுப்பி, நெஞ்சு விரிவதையும் சுருங்குவதையும் வைத்து அது மூச்சை எண்ணும். தனியாக ஆள் உட்கார்ந்து எண்ணவேண்டாம் என்று நான் மகிழ்ந்துபோன வசதி.

அவள் ஓடிப்போய் லிஃப்ட்காரரின் பர்ஸில் இருந்த பேஸ்மேக்கர் அட்டையை வாங்கி வந்தாள். அது நோயாளியின் மூச்சைப் பார்த்து வேகத்தை மாற்றும் வகை. படியேறினால் மூச்சு வாங்கும், பெட்டி துடிப்பைக் கூட்டும். அதிகபட்ச அளவு என்று அட்டையில் எழுதியிருந்த எண் நூற்றிருபது.

இப்போது எனக்கும் விளங்கியது. என் மானிட்டர் அனுப்பும் மின்சாரத்தைப் பெட்டி மூச்சு என்று நினைத்துக்கொள்கிறது. படுத்திருக்கும் மனிதர் ஓடுகிறார் என்று நம்பி இதயத்தை விரட்டுகிறது. மானிட்டர் திரையோ ஊசிக்கோடுகளை வடிகட்டிவிட்டு, அகல அலைகளை மட்டும் காட்டி நம்மைப் பயமுறுத்துகிறது.

"நீங்க போய் டாக்டர்கிட்ட சொல்லுங்க சிஸ்டர்" என்றாள்.

"கண்டுபிடிச்சது நீ. நீ போய்ச் சொல்லு."

பெருந்தன்மையால் அப்படிச் சொன்னேன் என்று நினைக்கவேண்டாம். ஒட்டியது நான். போய்ச் சொன்னால் என் தலைதான் முதலில் உருளும். அரைமணி நேரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வேலை இருப்பதுபோல நடித்தோம். வெட்கக்கேடு. இரண்டு மணிக்கு லிஃப்ட்காரரின் மனைவி துணிமணிகளைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தார். கணவரின் வேலைச் சட்டையை எடுத்து, வைப்பதா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் ஸ்டிக்கர் விறுவிறுவென்று டாக்டர் அறைக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

டாக்டர் கேட்டுவிட்டுத் தலைநிமிராமலே சொன்னார். "அந்தப் பெரியவர் விஷயத்துல சொன்ன மாதிரியா?"

அவள் முகம் சுருங்கியது. ஆனால் குரல் சுருங்கவில்லை. "அன்னிக்கு நான் சரியாப் பாக்காம சொன்னேன் சார். தப்பு என்னோடதுதான். இன்னிக்கு என்னை நம்பவேண்டாம். நீங்க வந்து பாருங்க. அஞ்சு நிமிஷம்."

"ஸ்டிக்கர் ஒட்டினது நான் சார்" என்று நானும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மூச்சு விடுவது சுலபமாக இருந்தது.

அவர் வந்தார். ஐந்து ஸ்டிக்கரும் அப்படியே இருக்க, மானிட்டரில் மூச்சு எண்ணுவதை மட்டும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். நூற்றிருபது. அப்புறம் நூற்றுப்பத்து. தொண்ணூறு. எழுபது. அறுபது. அங்கேயே நின்றது. டாக்டர் பேஸ்மேக்கர் கம்பெனிக்கு போன் போட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு ஆம்புலன்ஸை வேண்டாம் என்றார். ஸ்டிக்கரிடம் திரும்பி, "நீயே அவருக்குச் சொல்லு" என்றார். அவர் மன்னிப்புக் கேட்கும் முறை அதுதான் என்று எனக்குப் பட்டது.

அவள் சொன்னதை லிஃப்ட்காரர் எங்கள் எல்லோரையும்விட வேகமாகப் புரிந்துகொண்டார்.

"லிஃப்ட் கதவுல கண்ணு மாதிரி ஒரு சென்சார் இருக்கும்மா. அதுல தூசி படிஞ்சா ஆள் நிக்கிறான்னு நெனச்சுக் கதவு மூடவே மூடாது. அதுக்காக நாங்க மோட்டாரைக் கழட்டிட்டு வேற மோட்டாரா வைப்போம்?" என்று வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மனைவி வேலைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு அந்த அம்மாவே கூட்டாளிக்கு போன் போட்டு, "வேற ஆளெல்லாம் பாக்கவேண்டாம் தம்பி, உங்க அண்ணனே வருவார்" என்றார்.

சிரித்து முடித்த லிஃப்ட்காரர் திடீரென்று கேட்டார். "எனக்கு முன்னாடி யாருக்காவது இப்படி ஆயிருக்கா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இல்ல, எங்க வேலையில ஒரு லிஃப்ட்ல ஒரு கோளாறு வந்தா, அதே மாடல் எங்கெல்லாம் மாட்டியிருக்கோமோ அத்தனை பில்டிங்கும் போய்ப் பாத்துடுவோம். அதான் கேட்டேன்."

அதற்கப்புறம் நாலு மதியம் நானும் ஸ்டிக்கரும் ஆவண அறையில் உட்கார்ந்தோம். புது மானிட்டர்கள் வந்த நாளிலிருந்து பேஸ்மேக்கர் வைத்தவர்களின் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். மூன்றாம் நாள் அவள் ஒரு தாளை எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை. நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மா. இரண்டு வருஷம் முன்பு காய்ச்சலுக்கு எங்கள் வார்டில் நாலு நாள் இருந்தவர். மானிட்டரில் நூற்றிருபது. ஆபத்தான துடிப்பு என்று மாத்திரை எழுதி, இனிமேல் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று அனுப்பியிருக்கிறார்கள். அதோடு இணைத்திருந்த ஈ.சி.ஜி. காகிதத்தின் ஓரத்தில் பென்சிலில் ஸ்டிக்கரின் கையெழுத்து: "மானிட்டர் ஸ்டிக்கர் எடுத்தபின் 60."

"அப்பவே பாத்திருக்கேன் சிஸ்டர்" என்றாள். "எழுதியிருக்கேன். வாயைத் திறந்து சொல்லல."

அவள் வாயை மூடவைத்த அன்று உள்ளூரச் சந்தோஷப்பட்டவள் நான். அதை அன்றுதான் அவளிடம் சொன்னேன். அவள் போனை என் பக்கம் தள்ளினாள். பிறகு தானே இழுத்துக்கொண்டு அந்த அம்மாவின் எண்ணை அழுத்தினாள்.

நீச்சல் அம்மா ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். கம்பெனி ஆள் தன் கருவியைக் கொண்டுவந்து அவர் பெட்டியின் நினைவில் இருந்ததையெல்லாம் படித்தார். இரண்டு வருஷத்தில் ஆபத்தான துடிப்பு ஒன்றுகூட இல்லை. டாக்டர் மாத்திரையை நிறுத்தினார், தண்ணீருக்கு இருந்த தடையையும் எடுத்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஸ்டிக்கரும், தான் எழுதியதையும் சொல்லாததையும் சேர்த்து, தன் வாயாலேயே சொன்னாள்.

"ரெண்டு வருஷமா கரையில நாற்காலி போட்டு உக்காந்து கத்துக்குடுக்குறேன்" என்றார் அந்த அம்மா. "பிள்ளைங்க என்னை நாற்காலி மிஸ்ஸுன்னு கூப்பிடுதுங்க."

நாங்கள் தலைகுனிந்து நின்றோம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"டாக்டர், நீச்சல் குளத்தைப் பன்னெண்டு மணிக்கு மூடிடுவாங்க. நான் கிளம்பட்டுமா?"